பதிவு செய்யாத பணியிடக் காயத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவருக்கு இ.எஸ்.ஐ. பலன் கிடைக்குமா?

பட்டறையில் விரல் நசுங்கி, மேற்பார்வையாளர் பேச்சைக் கேட்டு எங்கும் பதியாமல் பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய நீங்கள், இப்போது விரல் மடங்காத நிலையில் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) ஏதும் கோர முடியுமா என்று கேட்கிறீர்கள்.

கோரலாம். விபத்தை வாய்மொழியாகத் தெரிவித்தாலும் செல்லும் என்பதால், மேற்பார்வையாளரிடம் அன்றே சொன்னதும் ஓர் அறிவிப்புதான். அதை விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, படிவம் 12-இல் அறிக்கை அனுப்ப வேண்டியது நிர்வாகம். மறுத்தால், தேதி, நேரம், இயந்திரம், உடன் நின்றவர் ஆகிய விவரங்களை எழுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை பெறுங்கள்.

சிக்கல் மருத்துவச் சான்றில்தான். தற்காலிக ஊனப் பலன் (காயத்தால் வேலை செய்ய முடியாத நாள்களுக்கான தொகை) சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு என்றாலும், சான்றில்லாத நாள்களுக்கு அது எளிதில் வராது; வேலை செய்து கூலி வாங்கிய நாள்களுக்கு அறவே கிடையாது. தையல் போட்ட தனியார் மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டுக் கதவில் நசுங்கியது’ என்றிருந்தால் (அப்படிச் சொல்லவைப்பது பட்டறைகளில் வாடிக்கை), அதையும் மறைக்காமல் விளக்குங்கள். குறைபாடு நிலைத்துவிட்டால் அதன் அளவை மருத்துவக் குழு முடிவு செய்யும். அதற்கு முன்பாக, இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் விரலின் இப்போதைய நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.