குதிரைக்கு பாதம் தட்டையா இருக்கு, எந்த பேட் போடலாம்?

கேள்வி: ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன குதிரை ஒண்ணு மொரீசியஸ்ல ஃப்ளாக் ஊர் பக்கம் வச்சிருக்கேன். புல்லுல நல்லா நடக்குது, கரும்புக்காட்டு கல்லுப் பாதையில இறங்கினா பயந்து பயந்து அடி வைக்குது. அடிப்பாதம் தட்டையா இருக்குன்னு லாடம் அடிக்கிறவர் சொல்றார். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவுல வைக்கிற மெத்தை, அதான் பேட், போடணுமா அண்ணே, போட்டா எது?

தம்பி, தைப்பூசத்துக்கு வெறுங்காலோட காவடி தூக்கி நடந்திருந்தீங்கன்னா ஒரு சின்னக் கல்லு குத்தினா எப்படி இருக்கும்னு தெரியும், உங்க குதிரை அதே வேதனையை 450 கிலோ உடம்பை வச்சுக்கிட்டு அனுபவிக்குது. நம்ம மொரீசியஸ் மண்ணு பூரா எரிமலைக் கல்லு, உடைஞ்ச முனை கூரா இருக்கும், ரேஸுக்கு ஓடற தோரோபிரெட் சாதிக்கு பாதம் மெல்லிசா தட்டையா இருக்கறதும் சகஜம்.

ஆனா பேட் வாங்கறதுக்கு முன்னாடி குளம்பை பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுங்க. உள்ள இருக்கற எலும்புக்குக் கீழ அடிப்பாதம் 15 மில்லிமீட்டர் இருந்தா நிம்மதி, 10-க்கும் கீழ போனா ரொம்ப மெல்லிசு. குளம்பு சூடா இருக்கு, கணுக்காலுக்கு பின்னாடி நாடி திம்திம்னு அடிக்குது, முன்னங்காலை நீட்டி பின்பக்கமா சாஞ்சு நிக்குதுன்னா அது லாமினைட்டிஸா, அதாவது குளம்புக்குள்ள வர்ற அழற்சியா, இருக்கலாம், பேட் பேச்சே வேண்டாம், அன்னைக்கே டாக்டரை கூப்பிடுங்க. சும்மா கிடைக்குதேன்னு கரும்புத் தோகை, மொலாசஸ் நிறைய போடறவங்க இங்க இருக்காங்க, அந்த சர்க்கரையே குளம்பைக் கெடுக்கும், தயவுசெஞ்சு நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, அடிப்பாதத்தை சுத்தமா காட்டணும்னு கத்தியால சீவ விடாதீங்க, அந்தத் தடிப்புதான் அதுக்கு செருப்பு. முன்பக்கம் நீண்டு போன குளம்பை மட்டும் ராவி சுருக்கட்டும்.

இப்ப பேட். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல ஓரத்தை மட்டும் சுத்தி வர்ற ரிம் பேட் இருக்கு, அது குளம்பை கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதிர்ச்சியை குறைக்கும், ஆனா நடுவுல திறந்துதான் இருக்கும், கூரான கல்லு வந்தா குத்தத்தான் செய்யும். முழு பேட் அடிப்பாதத்தை மூடிடும், கல்லுக்கு அதுதான் நல்ல காவல். பிளாஸ்டிக் பேட் நாள்பட உழைக்கும், தோல் பேட் குளம்போட வடிவத்துக்கு படிஞ்சு உக்காரும் ஆனா மழையில ஊறி சீக்கிரம் தேயும். நீங்க கேட்டது மாதிரி குதிரைக்கு நான் தேர்ந்தெடுக்கறது அகலமான லாடம், அதோட உள்பக்கம் அடிப்பாதத்துல படாம சரிச்சு விட்டிருக்கணும், அதுக்கு மேல முழு பேட், உள்ள இடைவெளியில மிருதுவான சிலிக்கான். சும்மா பேட் மட்டும் போட்டா ஜனவரி மழையில உள்ள சேறும் மண்ணும் போய் அடைஞ்சு அழுக ஆரம்பிச்சுடும், நாத்தம் வர்றப்பதான் தெரியும். சிலிக்கானை ஃப்ராக் பக்கம், அதாவது பின்பகுதி முக்கோணத்துல நல்லா நிரப்பணும், முன்பக்கம் அளவா, இறுக்கி திணிச்சா அதுவே அழுத்தி நொண்ட வைக்கும்.

ஊத்தி இறுக வைக்கிற பாலியூரித்தேனும் நல்லதுதான், ஆனா குளம்பு முழுசா காஞ்சிருக்கணும், உள்ள சீழ் இருக்கவே கூடாது. நான் ஆரம்பத்துல ஒரு குதிரைக்கு அமுக்கிப் பாக்கற இடுக்கியால சோதிக்காம ஊத்திட்டேன், உள்ள சீழ்கட்டி இருந்திருக்கு, வெளிய வர வழியில்லாம மூணு நாள் அந்த ஜீவன் காலையே ஊனல, இன்னைக்கும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு குளம்பையும் அமுக்கிப் பாக்காம எதுவும் ஊத்தறதில்ல.

வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள்தான் ஏறுவீங்கன்னா லாடமே இல்லாம குளம்புக்கு மாட்டற பூட் மாட்டி உள்ள ஃபோம் பேட் வைங்க, ஏறி முடிச்சதும் கழட்டி கழுவி காய வச்சுடலாம், நம்ம ஈரத்துக்கு அதுதான் சுத்தம். அளவு சரியா இல்லன்னா குதிகாலை உரசி புண்ணாக்கும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

பேட் போட்டா அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி மாத்தியே ஆகணும், தள்ளிப் போடாதீங்க. தீவனத்துல தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின், கூட ஜிங்க் காப்பர் சேருங்க, குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ளதான் வளரும், அதனால பலன் தெரிய ஆறேழு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் கல்லுப் பாதையில இறங்கி கயிறைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க தம்பி, புல்லு வந்ததும் ஏறிக்கலாம்.