நீ என்ன குடி?

கேள்வி: என் சொந்த ஊர் வவுனியா. கல்யாணம் முடித்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த முதல் கிழமையே பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "புள்ள, நீ என்ன குடி?" என்று கேட்டார். "எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்கிறதில்ல" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்தக் குடிக்கு என்ன அர்த்தம்?
– ஒரு வாசகி

பதில்: மகள், அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அறியத்தான் அந்த அம்மா கேட்டிருப்பார்.

மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியாக வரும் குலம். உங்கள் அம்மாவின் குடிதான் உங்கள் குடி, உங்கள் மகளுக்கும் அதுவே. அப்பாவின் குடி வேறு. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. தாய்மாமன் மகளை முடிக்கலாம், ஏனென்றால் அவள் மாமியின் குடி. எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடி உண்டு. மதம் வேறாக இருந்தும் இந்த ஒன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கோயிலிலும் குடி பேசும். உங்கள் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்ற பெயர்களை இனி அடிக்கடி கேட்பீர்கள். இங்கே பல கோயில்களில் திருவிழாவைக் குடிகள் பங்கிட்டுச் செய்கின்றன, வண்ணக்கரும் குடி பார்த்தே வருகிறார். (வண்ணக்கன் என்றால் பழந்தமிழில் நாணயம் சோதிப்பவன். அந்தச் சொல் கோயில் பொறுப்பாளராக எங்களிடம் வாழ்கிறது.)

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தமிழ் படிப்பித்த காலத்தில் ஒருநாள் "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும்" என்ற 381ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதி, குடி என்றால் என்ன என்று கேட்டேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பித் தன் குடியின் பெயரைச் சொன்னாள். பக்கத்துப் பிள்ளை தன்னுடையதைச் சொன்னாள். வாங்கு வாங்காகச் சொல்லிக்கொண்டே போனார்கள். வள்ளுவர் இங்கே சொல்வது அரசனுக்குக் கீழ் வாழும் மக்களை என்று பிறகு விளக்கினேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் சொன்னது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வள்ளுவரே 'குடிமை', 'குடிசெயல்வகை' என்ற அதிகாரங்களில் அதே சொல்லை நாம் பிறந்த குடும்பத்துக்குத்தானே வைத்திருக்கிறார்?

இன்னும் ஒன்று. குடி என்றால் வீடு. குடிசை, குடில், குடிபுகுதல், குடித்தனம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு, அம்மாவின் வீடு எனக்கு. குடியும் அதே வழியில்தான் வந்தது. மற்ற இடங்களில் பிரிந்துபோன அந்த இரண்டு பொருளும் இங்கே இன்னும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

அடுத்த முறை யாராவது கேட்டால், "எங்கட பக்கம் குடி பாக்கிறதில்ல அம்மா" என்று சொல்லுங்கள். அப்புறம் உங்கள் மாமியின் குடி எது என்று நீங்களே கேளுங்கள். ஒரு பின்னேரம் முழுக்கக் கதை கிடைக்கும்.

கேள்வி: குடியியற் கல்வி, குடியியல் வழக்கு, குடிவரவு குடியகல்வு. இவற்றில் வரும் குடியும் அதுதானா?
– மாணவர் ஒருவர், கல்முனை

பதில்: அதே குடிதான் தம்பி, நாட்டளவுக்குப் பெருத்துவிட்டது. வீட்டில் இருப்பவர் குடி, நாட்டில் இருப்பவரும் குடி. தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்கு என்பதை நாங்கள் குடியியல் வழக்கு என்கிறோம். ஆட்கள் வருவது குடிவரவு, விட்டுப் போவது குடியகல்வு. அகல்வு எவ்வளவு பொருத்தமான சொல் என்று, பாஸ்போட்டுக்காக அந்தத் திணைக்களத்தில் வரிசையில் நின்ற நாளில்தான் எனக்கு உறைத்தது. 1972 மே 22இல் இலங்கை குடியரசானது. அதற்கு முன் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரைக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கியது. தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களை நாட்டின் குடிகள் இல்லை என்று ஒரு சட்டம் சொன்னதை வகுப்பில் படிப்பிக்கும்போது என் குரல் தடுமாறும்.

மீள்குடியேற்றம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. 2007இல் படுவான்கரைச் சனம் போரால் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைப் படிவம் படிவமாக எழுதினோம். எழுத வராத தாய்மாருக்கு நானும் எழுதிக் கொடுத்தேன். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டால், சிலர் பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்த்தார்கள்.

கேள்வி: அப்படியானால் குடிக்கும் குடியும் இதே சொல்லா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: இல்லை. ஒலி ஒன்று, வேர் வேறு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, பருகும் குடியையும் வீட்டுக் குடியையும் தனித்தனியாகவே பதிகிறது. தெலுங்கில் 'குடி' என்றால் கோயில், அது வீட்டுக் குடியின் உறவு. பருகும் குடியில் கள்ளும் சாராயமும் மட்டும் இல்லை. சித்த மருத்துவத்தில் மூலிகையைத் தண்ணீரில் போட்டு வற்றக் காய்ச்சி எடுப்பதற்குக் குடிநீர் என்றுதான் பெயர். நிலவேம்புக் குடிநீர் அப்படி வந்தது. காய்ச்சலோடு கிடந்த எனக்கு அம்மம்மா மூக்கைப் பிடித்துப் பருக்கியதும் அந்தக் குடிநீர்தான். பிறகு ஒரு துண்டுப் பனங்கட்டி தருவார்.