ஏ.எஸ்.400 வேலை: எந்த மொழி, எந்தக் கட்டமைப்பு?

அன்புள்ள ஐயா,

இராமநாதபுரத்தில் பொறியியல் முடித்த தங்கள் மகளுக்குச் சென்னை நிறுவனம் ஒன்று ஏ.எஸ்.400 பிரிவில் வேலை தர முன்வந்திருப்பதையும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும் ஓடும் அந்தப் பழைய பச்சைத் திரையில் போய் முடங்க வேண்டுமா என்று வளைகுடாவிலிருக்கும் தங்கள் மைத்துனர் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஏ.எஸ்.400 என்பது ஐபிஎம் 1988-இல் அறிமுகப்படுத்திய வணிகக் கணினி வரிசை; அது இன்று அந்நிறுவனத்தின் பவர் சர்வர்களில் ஓடும் 'ஐபிஎம் ஐ' இயங்குதளமாகத் தொடர்கிறது. பழசாகிப்போனது திரைதான், வணிகக் கணக்குகள் அதனுள்ளே இன்றும் ஓடிக்கொண்டிருப்பதால், அவற்றை இணையத்துக்குத் திறந்துவிடத் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அந்தக் கணினியின் வணிக நிரல்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும் ஆர்.பி.ஜி. மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு எழுத்தையும் வரியில் அதற்கெனக் குறித்த இடத்தில் நிறுத்தி எழுதிய முறை போய், 2013-க்குப் பிறகு ஏறத்தாழ முழுவதையும் கட்டற்ற வடிவில் எழுத முடிகிறது. கடினம் மொழியில் இல்லை. கடன் வரம்பு, தள்ளுபடி, வரி என்று பல ஆண்டுகளாக அந்த நிரல்களுக்குள் சேர்ந்திருக்கும் வணிக விதிகளைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. டிபி2 தரவுத்தளம் இயங்குதளத்தோடு இணைந்தே வருவதால் தரவைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்.க்யூ.எல். ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். இணையப் பக்கத்துக்கு ஜாவா, பி.எச்.பி., நோட் ஜே.எஸ்., பைத்தான் ஆகிய எல்லாமே அந்தக் கணினியில் ஓடும். நான் ஜாவாவையே முதலில் சொல்வேன். நாளை வேறு துறைக்கு மாற நேர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

மொழியைவிடக் கட்டமைப்பில்தான், அதாவது எந்தப் பகுதி எந்தக் கணினியில் ஓடுவது என்பதில்தான், தங்கள் மகள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இணையச் செயலியையும் அதே கணினியில் ஓட்டினால் பராமரிக்க வேண்டியவை குறையும், தரவு வலையமைப்பில் அலைய வேண்டியதில்லை. ஆனால் ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருள் நினைவகத்தை நிறையக் கேட்கும் என்பதால், சிறிய கணினியில் இரவுநேரக் கணக்கு முடிப்பு தாமதமாகலாம். நிறுவனத்தின் மொத்தக் கணக்கும் இருக்கும் கணினியை வெளியுலகுக்கு நேரடியாகக் காட்டுவதும் பாதுகாப்பன்று. ஆகவே வெளியார் பயன்படுத்தும் செயலி என்றால், இணைய சர்வரைத் தனியே, வெளியாரைத் தடுக்கும் தீச்சுவர்கள் (ஃபயர்வால்) இரண்டுக்கு இடைப்பட்ட பகுதியில் வைத்து, விதிகளை ஆர்.பி.ஜி. நிரல்களிலேயே விட்டு, ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலிருந்தே அழைக்கும் நிரல்) வழியாகவோ ரெஸ்ட் சேவை (இணைய முகவரி மூலம் அழைக்கும் சேவை) வழியாகவோ அழைப்பதே நல்லது என்பது என் முடிவு. அலுவலகத்துக்குள் சிலர் மட்டும் பயன்படுத்தும் செயலிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

சேர்வதற்கு முன் கிடைக்கும் நாட்களில் ஒரு சிறு செயலியை அவரே எழுதிப் பார்க்கட்டும். மண்டபத்தில் கரைசேரும் விசைப்படகுகளின் மீன்வகை, எடை, விலை, முன்பணக் கழிவு ஆகியவற்றைப் பதிந்து நிகரத் தொகையைக் காட்டினால் போதும். கழிவுக் கணக்கைத் திரையில் எழுதாமல் தரவுத்தளப் பக்கமே வைக்க வேண்டும். படகுப் பெயர்களைத் தமிழிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். அந்த இயங்குதளம் வழக்கமாகப் பயன்படுத்தும் எப்சிடிக் என்னும் எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை; பெயருக்கான இடத்தை யூனிகோடுப் புலமாக அறிவித்தால்தான் பெயர்கள் சிதையாமல் திரும்பி வரும். இதை அவர் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறுவனத்திடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: பயிற்சிக்குப் பின் பழைய நிரல்களைத் திருத்தும் பணி மட்டுமா, இணைய இணைப்புப் பணியும் உண்டா? இரண்டும் உண்டென்றால் தயங்காமல் அனுப்பிவையுங்கள். திருத்தும் பணி மட்டும் என்றாலும் அனுப்பலாம். ஆனால் ஜாவாவை அவர் விட்டுவிடாமல் தாமாகவே தொடர்ந்து பயில வேண்டியிருக்கும்.