பீஸ்-அதபாஸ்கா டெல்டாவை மேப்ல வரையிறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணே, கனடால ஆல்பர்ட்டா வடக்குல இருக்கற இந்த டெல்டாவை, யார் வேணா வரையலாம்ங்கற இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல வரையலாம்னு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சாட்டிலைட் படத்துலயும் கரை ஒவ்வொரு இடத்துல இருக்கு, எதை நம்புறது?

பதில்: மொதல்ல படம் எடுத்த தேதியைப் பாருங்க தம்பி. ஐஸ் உடைஞ்சு வெள்ளம் வர்ற மே மாசப் படத்தை வச்சு நான் ஒரு வாரம் வரைஞ்சேன், அப்புறம் செப்டம்பர் படத்தைப் போட்டுப் பாத்தா நான் ஏரின்னு போட்டது பூரா கோரைப்புல்லு, அவ்வளவையும் அழிச்சேன். தண்ணி நிக்கிற விளிம்பைப் பிடிக்காதீங்க. வளைவுல உள்பக்கம் வெளுப்பா மணல் தெரியும், அதுவும் ஆத்தோட இடம்தான், அதைத் தாண்டி வில்லோ புதர் அடர்த்தியா தொடங்குற கோடுதான் கரை.

கேள்வி: மர நிழலும் தண்ணியும் ஒரே கருப்பா இருக்கே?

பதில்: சென்டினல்-2ன்னு ஐரோப்பா சாட்டிலைட் எடுக்கற படத்துல நியர் இன்ஃப்ராரெட் பேண்டைப் போடுங்க, அது நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுத்தது. தண்ணி அதை உறிஞ்சிடும், கன்னங்கரேல்னு நிக்கும், செடிகொடி பளிச்னு தெரியும். ஆனா ஒரு பிக்சலே 10 மீட்டர், சின்ன வாய்க்கால் சிக்காது.

கேள்வி: பழைய பேப்பர் மேப் ஷீட்ல ஒல்லியா இருக்கற ஓடை படத்துல பெரிய ஆறா இருக்கு. ஷீட் தப்பா?

பதில்: எம்பரா ஆத்துப் பக்கமா? அப்ப ஷீட் தப்பில்ல, ஆறுதான் மாறிருச்சு. 1982ல எம்பரா கரையை உடைச்சுக்கிட்டு க்ரீ க்ரீக்குங்கற சின்ன ஓடைக்குள்ள பூந்து மாமாவி ஏரிக்கு வழி போட்டுக்கிச்சு, வண்டல் கொட்டிக் கொட்டி ஏரிக்குள்ளயே ஒரு குட்டி டெல்டா வளருது.

கேள்வி: ஆத்துக் கோடு ஓட்டம் போற திசையில இருக்கணும்ங்கறாங்க. நேர்ல போகாம எப்படி தெரியும் சார்?

பதில்: துணை ஆறு வந்து சேர்ற இடத்துல V மாதிரி கூம்பு வரும், அதோட முனை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஆனா இந்த ஊர் வில்லங்கமான ஊர். சாதாரணமா அதபாஸ்கா ஏரித் தண்ணி ரிவியேர் டெ ரோஷேங்கற ஆறு வழியா வடக்கே போகும், பீஸ் ஆத்துல ஐஸ் அடைச்சு மட்டம் ஏறுச்சுன்னா அதே தண்ணி திரும்பி ஏரிக்கே வரும்! அதனால வடக்கு நோக்கியே வரைஞ்சுட்டு, திரும்பி ஓடுறதைக் குறிப்புல எழுதிடுங்க.

கேள்வி: துண்டாகிக் கிடக்கற குருட்டு ஆறுகளை ஆத்தோட சேர்க்கலாமா?

பதில்: வேணாம், தனி ஏரி. அப்புறம் ஒரே கோட்டை இழுத்துக்கிட்டே போகாதீங்க, 2000 பாயிண்டுக்கு மேல சர்வர் ஏத்துக்காது.