புதுசா, பழசா? முதலில் எந்த சீட் என்று சொல்லுங்கள்

சொகுசு செடான் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

பின்னலாடைத் தொழில் செய்கிறேன், வயது 41. டிரைவர் கிடையாது, வண்டி ஓட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சென்னை, பெங்களூரு என்று அடிக்கடி போக வேண்டியிருக்கும். புது பி.எம்.டபிள்யூ 330எல்ஐ எடுக்கலாமா? இல்லை, ஒரு டீலர் காட்டும் 2021 மாடல் 530ஐ எடுக்கலாமா? ஒரே ஓனர், தமிழ்நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன், 38,000 கி.மீ., 42 லட்சம் கேட்கிறார். என் பட்ஜெட் எல்லாம் சேர்த்து 60 லட்சம். சென்னையிலேயே தயாராவதால் பார்ட்ஸ் செலவு குறைவு என்கிறார்களே?
– ஒரு வாசகர், திருப்பூர்

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது டிரைவர் கிடையாது என்பதுதான். இன்றைக்கு இந்தியாவில் புதிதாகக் கிடைக்கும் இந்த வகை செடான்களில் பெரும்பாலானவை பின் சீட்டில் உட்காருகிறவருக்காக இழுத்து நீட்டப்பட்டவை. மெர்சிடிஸ் இ-கிளாஸ் 2017-லேயே நீள வீல்பேஸுக்கு (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) மாறிவிட்டது, 3 சீரிஸில் 2021-இல் நீளமான கிரான் லிமோசின் வந்தது (நீங்கள் கேட்கும் 330எல்ஐ அதுதான்), 2024 ஜூலையில் வந்த புது 5 சீரிஸும் நீளம்தான், 5 மீட்டரைத் தாண்டிவிட்டது. பின்னால் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளில் தானே ஓட்டி மகிழ வேண்டும் என்று நினைக்கிறவர் இவ்வளவு பணம் கொடுத்து அந்தக் கூடுதல் நீளத்தை எதற்கு வாங்க வேண்டும்?

2017 முதல் இங்கே விற்ற முந்தைய தலைமுறை 5 சீரிஸ் சாதாரண வீல்பேஸ் வண்டி. உங்கள் 530ஐ அதில் ஒன்று. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 252 குதிரைத் திறன், பின் சக்கர டிரைவ், இசட்.எஃப். நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். சேலம் தாண்டி நாலு வழிச்சாலையில் அது ஓடுகிற நிதானமும் திருப்பத்தில் காட்டுகிற கீழ்ப்படிதலும் இன்றைக்கும் அந்த விலையில் கிடைக்கிற எதற்கும் குறைந்ததல்ல, இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

அடுத்து கணக்கு. 330எல்ஐ-யின் ஷோரூம் விலை 60 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி., செஸ் எல்லாம் சேர்ந்து 48 சதவீதமாக இருந்தது 40 ஆகக் குறைந்த பிறகு உள்ள நிலவரம் இது. 2023 நவம்பரில் திருத்திய சாலை வரிப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீதம், அதாவது 12 லட்சம். இன்ஷூரன்ஸ், ஒரு சதவீத டி.சி.எஸ். (விற்கிறவர் உங்களிடம் பிடித்துக் கட்டும் வரி, இது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும்) எல்லாம் சேர்த்தால் 75 லட்சத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். உங்கள் 60-ஐ அது முதல் நாளே தாண்டிவிட்டது. 530ஐ-க்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு முடிந்தது.

அதனால் என் ஓட்டு பழைய 530ஐ-க்கு. ஆனால் ஒரு நிபந்தனை. பட்ஜெட்டில் மிச்சமாகும் 18 லட்சத்தில் ஆறு லட்சத்தையாவது தனியாக ஒரு கணக்கில் போட்டு வைக்க வேண்டும், அதை இந்த வண்டியைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது. சென்னைக்குப் பக்கத்தில், சிங்கப்பெருமாள் கோவிலை ஒட்டிய மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பாகங்களைப் பூட்டி பி.எம்.டபிள்யூ தயாரிக்கிறார்கள் என்பது உண்மை. அதனால் இறக்குமதி வரி குறைகிறது, வண்டி விலை இந்த அளவிலாவது நிற்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை அதனால் இறங்கிவிடவில்லை. பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் நாலும் மாற்றினாலே ஒரு லட்சம் தாண்டும், ஒரு எல்.இ.டி. ஹெட்லைட் உடைந்தால் பில் லட்சங்களில்தான் வரும். அந்த ஆறு லட்சத்தை ஒதுக்க மனசு வரவில்லை என்றால் பழசு வேண்டாம், வாரண்டியோடு வருகிற சின்ன புது வண்டி ஒன்றைப் பாருங்கள், நிம்மதியாக இருப்பீர்கள்.

வண்டியை எப்படிப் பார்ப்பது? டீலரின் 'இருநூறு பாயிண்ட் செக்கிங்' பேப்பரை நம்பி முடிவெடுக்காதீர்கள். சேசிஸ் நம்பரை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றையும் எடுக்கச் சொல்லுங்கள், ஓனர் சம்மதம் கேட்பார்கள், அதைக் கொடுக்கத் தயங்குகிற ஓனரின் வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். டேஷ்போர்டில் தெரிகிற கிலோமீட்டர் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகியிருக்கும், ஸ்கேன் செய்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-இன் 23-வது வாரம். 38,000 கி.மீ. ஓடிய 2021 வண்டியில் 2021 டயர் இருந்தால் கணக்கு சரி, மாற்ற வேண்டிய வயசும் வந்துவிட்டது, அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கசிவுதான் நான் முதலில் தேடுவது, பிளாஸ்டிக் குழாய் இணைப்புகள் சூட்டில் காய்ந்து விரிசல் விடும், வண்டி ஆறின பிறகு கூலன்ட் மட்டம் பாருங்கள், அடியில் காய்ந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சர்வீஸில் சொல்வார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள்.

42 லட்சத்துக்கு மேல் '18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி' என்று டீலர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். இன்னொன்று, புது வண்டிகளின் விலை ஜி.எஸ்.டி. குறைப்பில் இறங்கியதைப் பழைய கார் விற்கிறவர்கள் பலர் கண்டுகொள்வதே இல்லை. அதைச் சொல்லிப் பேரம் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தொழில் கணக்கில் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். புதுசோ பழசோ வருஷம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

வேளச்சேரியில் குடியிருக்கிறோம். ஒரு தரகர் 2019 இ-கிளாஸ் ஒன்றைச் சந்தை விலையைவிட ஏழெட்டு லட்சம் குறைவாகச் சொல்கிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது. வெள்ளத்தில் மாட்டிய வண்டியாக இருக்குமோ என்று கணவர் பயப்படுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, சென்னை

உங்கள் கணவர் பயப்படுவது சரி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் ஏரியா பட்டது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி முங்கிய வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் விட, யாரோ வாங்கிக் காயவைத்து, கழுவி, வேறு ஊரில் விற்பது வழக்கமாக நடக்கிற வியாபாரம். ஆர்.சி.யைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பளபளப்பை விடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை முழுசாக இழுத்துப் பாருங்கள், வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டை முன்னே தள்ளி, தரையில் பூட்டியிருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, அல்லது அந்த போல்ட் மட்டும் புத்தம்புதுசாக மின்னுகிறதா என்று பாருங்கள், இரண்டுமே கெட்ட சேதிதான். டிக்கியில் விரிப்பைத் தூக்கி அடிப்பள்ளத்தில் விரலைத் தடவுங்கள். ஏ.சி. போட்டதும் ஈரத் துணி வாடை வந்தாலும், வண்டிக்குள் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தாலும் சந்தேகப்படுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் தரைவிரிப்புக்கு அடியிலும் டிக்கியிலும் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் போகின்றன, ஒரு தடவை சேற்றுத் தண்ணீர் ஏறிவிட்டால் இன்றைக்கு ஜன்னல் வேலை செய்யாது, அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு எரியும், அதற்கு முடிவே இருக்காது. எந்த விலைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பழைய பாலிசி நம்பரை வாங்கி, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் க்ளெய்ம் வரலாற்றை ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தரகர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தால் அதுதான் பதில். எந்த வண்டி வாங்கினாலும் 'எஞ்சின் ப்ரொடெக்ட்' கவரேஜ் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீர் வடிந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் மருத்துவர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எட்டு கி.மீ., அதுதான் தினசரி ஓட்டம். 2014 மாடல் 320டி டீசல் 12 லட்சத்துக்கு வருகிறது. இந்த விலைக்கு பி.எம்.டபிள்யூ என்றால் விடவே மனசில்லை.
– ஒரு வாசகர், மதுரை

டாக்டர், விட்டுவிடுங்கள். வண்டியின் விலை 12 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, அதன் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை, அது இன்னும் 40 லட்ச ரூபாய் காரின் பார்ட்ஸ்தான். 2014 வண்டியில் இருப்பது என்47 டீசல் எஞ்சின். அதன் டைமிங் செயின் (எஞ்சினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் சுழல வைப்பது) எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அந்த செயின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றித்தான் வேலை பார்க்க முடியும், சத்தத்தைக் கவனிக்காமல் விட்டு அறுந்தால் எஞ்சினே போய்விடும். 2016 ஃபேஸ்லிஃப்டில் (புதுப்பித்த மாடலில்) வந்த பி47 எஞ்சின் இதைவிட நல்லது. ஆனால் எட்டு கி.மீ. ஓட்டத்துக்கு எந்த டீசலும் ஆகாது. எஞ்சின் முழு சூட்டுக்கு வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பீர்கள், புகைக்கரியை எரித்துத் தள்ள வேண்டிய ஃபில்டருக்கு அதற்கான நேரமே கிடைக்காது, அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் பி.எஸ்.-6 டீசல்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஓட்டுகிற சுகம்தான் வேண்டும் என்றால் கையில் இருக்கிற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, 2022-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியா 1.5 லிட்டர் டர்போ பெட்ரோலைப் பாருங்கள், 150 குதிரைத் திறன். பேட்ஜ் வேறுதான். காலையில் அவசர கேஸுக்குக் கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை இருக்காது.

டெல்லி வண்டிகள் ஏன் அவ்வளவு மலிவு? ஒன்பது வயசு ஆடி ஏ6 டீசல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் கடந்த டீசல் கார் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதன்படியே சொன்னது. 2025-இல் அந்தத் தடையை உச்ச நீதிமன்றமே தளர்த்தியது, ஆனால் அதுவரை ஒன்பது வயசு வண்டியை வைத்துக்கொண்டு அங்கே யார் இருப்பார்கள்? அதில்தான் விலை அடிபட்டுப்போனது. ஆனால் இங்கே கொண்டுவந்தால் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், வண்டியின் வயசுக்கு ஏற்பக் குறைத்துத்தான் போடுவார்கள் என்றாலும் இந்த விலை வண்டிக்கு அது சின்னத் தொகை இல்லை. அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), கடன் இருந்திருந்தால் அது தீர்ந்தது என்று பேங்க் கொடுக்கும் படிவம் 35, பிறகு இங்கே மறு பதிவு. 12 மாதத்துக்கு மேல் வெளி மாநில நம்பரோடு வைத்திருக்க முடியாது. லாரியில் ஏற்றிவரும் செலவையும் கூட்டிப் பாருங்கள், லாபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி கரைந்திருக்கும். எல்லாவற்றையும்விட, கோளாறு என்றால் விற்றவரைப் பிடிக்க நாகர்கோவிலிலிருந்து டெல்லிக்குப் போவீர்களா? திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சர்வீஸ் ஆன வண்டி ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.

பழைய 3 சீரிஸ் வாங்கியிருக்கிறேன். பள்ளம் குழியில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ரன்-ஃபிளாட்டை எடுத்துவிட்டு சாதாரண டயர் போடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

போடலாம், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ரன்-ஃபிளாட்டின் பக்கவாட்டு ரப்பர் கெட்டியானது, பஞ்சர் ஆனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. வரை ஓட்டிப் போய்விடலாம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், நம் ரோட்டில் அந்தக் கெட்டித்தனம் நேராக முதுகுக்கு வருகிறது. மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள், டயரில் போட்டிருக்கும் லோடு, வேகக் குறியீடுகள் பழையதற்குக் குறையக்கூடாது. ஸ்டெப்னி இல்லாத மாடல் என்றால் டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன பம்பும் கட்டாயம் வேண்டும். மாற்றின கையோடு அலைன்மென்ட் பார்த்துவிட்டு, டயர் பிரஷர் மானிட்டரை மெனுவில் ரீசெட் செய்துவிடுங்கள்.