கடைக்குள் சர்வரா, விபிஎஸ்ஸா? பினாங்கு வியாபாரிகள் கேட்டவை

பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் சிறு கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. விபிஎஸ் என்றால் வேறொரு கம்பெனியின் கட்டடத்தில் ஓடும் பெரிய சர்வரில் மாத வாடகைக்கு எடுக்கும் ஒரு பங்கு. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த், அச்சகம்): கடையில் இருக்கும் சர்வருக்கு ஏழு வயது. புதிது வாங்கலாமா, இல்லை விபிஎஸ் எடுக்கலாமா அண்ணே?

பதில்: முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 300 வாட் இழுக்கும் சர்வர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 216 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு என்று வைத்தாலே 108 வெள்ளி. அந்த அறையின் ஏர்கான், யூபிஎஸ் பேட்டரி, பழுதான டிஸ்க் எல்லாம் தனி. கணக்கும் ஆர்டரும் ஓடும் அளவுக்கு 4 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ் மாதம் சுமார் 100 வெள்ளிக்குக் கிடைக்கும். பவர் சப்ளை எரிந்தால் நடுராத்திரியில் ஓடுவது வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பாடு.

ஒரு மசாலா கடையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வரை ஒருமுறை திறந்தேன். விசிறி முழுக்க மிளகாய்த்தூள், செக்கச்செவேல் என்று படிந்திருந்தது. ஊதினால் கண் எரிந்தது. அந்த இயந்திரத்தில்தான் ஐந்து வருடக் கடன் கணக்கு இருந்தது.

ஆனால் உங்களுடையது அச்சகம். பேனர் டிசைன் கோப்புகளை விபிஎஸ்ஸில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் இறக்கி ஏற்றியே பொழுது போய்விடும். அவை கடையிலேயே இருக்கட்டும், கணக்கும் ஆர்டரும் மட்டும் வெளியே போகட்டும். எதுவானாலும் நகல் ஒன்று வேறு இடத்தில் வேண்டும்.

கேள்வி (பிறை): ஷேர்ட் ஹோஸ்டிங்கும் விபிஎஸ்ஸும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் ஒரே இயங்குதளத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். கேவிஎம் என்ற தொழில்நுட்பத்தில் ஓடும் விபிஎஸ்ஸில் உங்களுக்கென்று தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), தனி மெமரி. வாங்கியதும் லினக்ஸில் ‘டாப்’ (top) கட்டளை போட்டு ‘எஸ்டி’ (st) எண்ணைப் பாருங்கள். அது எப்போதும் உயர்ந்தே இருந்தால் உங்கள் பிராசசர் நேரம் அக்கம்பக்கத்தாருக்குப் போகிறது, கம்பெனியை மாற்றுங்கள்.

கேள்வி (ஆன்லைன் புடவைக் கடை): தீபாவளிக்கு மட்டும் கூட்டம். என்ன செய்வது அண்ணா?

பதில்: விபிஎஸ்ஸின் பெரிய லாபமே இதுதான், தங்கச்சி. மூன்று வாரத்துக்கு மெமரியையும் பிராசசரையும் ஏற்றுங்கள், முடிந்ததும் இறக்குங்கள். டிஸ்க்கை மட்டும் பெரிதாக்காதீர்கள். பல இடங்களில் அதைத் திரும்பச் சுருக்க முடியாது. ஏற்றும்போது சர்வர் ஒருமுறை நின்று எழும், கூட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

கேள்வி (பாசார் ஸ்ட்ரீட், ஜவுளி): என் கணக்கு என் கண் முன்னே இருக்கவேண்டும் தம்பி. இன்டர்நெட் போனால் யார் பில் போடுவது?

பதில்: நியாயமான கேள்வி, ஐயா. கல்லா கணினி இணையம் இல்லாமலும் பில் போடவேண்டும், வந்ததும் சர்வருக்கு அனுப்பவேண்டும். அப்படிச் செய்யாத மென்பொருளை வாங்காதீர்கள்.

அவரே மீண்டும்: அப்போ கடையிலேயே வைத்துவிடலாமே! இன்னொருவன் வீட்டில் எதற்கு?

பதில்: 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடையை மூடினோமே, நினைவிருக்கிறதா? கணக்கு கடைக்குள், நாம் வீட்டுக்குள். 2017 நவம்பர் 4 இரவு இங்கே வெள்ளம் வந்தபோது தரையில் வைத்திருந்த இயந்திரங்கள் என்ன ஆகியிருக்கும்? கண் முன்னே இருப்பது வேறு, பத்திரமாக இருப்பது வேறு, ஐயா.

இடையில் ஒருவர் (சுங்கை டுவா): ஐயா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வாடகை கட்ட மறந்தால் சர்வரையே அழித்துவிடுவார்களே?

பதில்: உண்மைதான். கார்டு காலாவதியாகி, எச்சரிக்கை மின்னஞ்சல் வேலையை விட்டுப்போன கிளார்க்குக்குப் போய், எல்லாம் அழிந்த கடையை நான் பார்த்திருக்கிறேன். விபிஎஸ் கம்பெனியில் உங்கள் கணக்கை முதலாளி மின்னஞ்சலில் திறந்துகொள்ளுங்கள். ஐயா, உங்களுக்காக ஒரு வழி: சர்வர் வெளியே, தினமும் இரவு நகல் உங்கள் கடை டிஸ்க்கில். கண் முன்னே இருக்கும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): விபிஎஸ் கம்பெனியே எடுத்துவைக்கும் நகல், அந்த ஸ்னாப்ஷாட் இருக்கிறது, போதாதா?

பதில்: போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கம்பெனியின் டேட்டா சென்டர் (சர்வர்கள் வைக்கும் கட்டடம்) ஒன்று எரிந்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நகல் வேறு கம்பெனியில், வேறு ஊரில் இருக்கவேண்டும்.

கேள்வி: எது மலிவு?

பதில்: இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை. விலையை மட்டும் கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. பக்கத்துச் சிங்கப்பூரிலோ நம் சைபர்ஜெயாவிலோ சர்வர் இருக்கிறதா, இரவில் ஆள் பதில் சொல்கிறாரா என்று கேட்டு வாருங்கள்.

கேள்வி: மின் இன்வாய்ஸுக்கு விபிஎஸ் கட்டாயமா?

பதில்: இல்லை. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திலேயே போடலாம். மற்றதைக் கணக்காளரிடம் கேளுங்கள், வரி என் துறை இல்லை.

கேள்வி (பட்டர்வொர்த், அச்சகம்): நேற்றே நகல் எடுத்துவிட்டேன் அண்ணே. சரிதானே?

பதில்: திறந்து பார்த்தீர்களா? வேறு கணினியில் போட்டு, போன மாத இன்வாய்ஸ் ஒன்றைத் திறந்து படம் அனுப்புங்கள். அதுவரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.