வாசகர் கேள்வி பதில்: நடத்தைக்குச் சட்டம் போடுவது யார், எப்படி?

பஸ் ஸ்டாண்டில் 'எச்சில் துப்பினால் அபராதம்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். துப்புவதற்கெல்லாமா சட்டசபையில் சட்டம் போட்டார்கள்?
– வாசகர், பெருந்துறை

போட்டார்கள். பொது இடத்தில் புகைபிடிப்பதையும் துப்புவதையும் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2002-லேயே வந்துவிட்டது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் புகையிலைப் பொருட்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுக்கப்பட்டன, பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பேக்கரியில் டீ குடிக்க நிற்கும் ஒருவர் பக்கத்து ஆளின் புகையையும் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை என்று சொல்ல ஒரு அவை கூடியதில் தவறொன்றும் இல்லை.

முதன்முதலில் மதுவிலக்கு வந்தது எங்க சேலம் ஜில்லாவில்தான் என்று என் அப்பிச்சி சொல்வார். அது நிஜம் என்றால், சட்டம் போட்டுக் குடியை நிறுத்த முடியாது என்பதற்கு நம்ம ஊரே சாட்சி இல்லைங்களா?
– வாசகர், ஆத்தூர்

அப்பிச்சி சொன்னது நிஜம். 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கைத் தொடங்கியது. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். சேலத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்தே மதுவிலக்குக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆக, சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்தப் பேச்சு இங்கே ஊர் ஊராக நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு, அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மூடினால் அரசுக்கு வருகிற பணம் போய்விடுமே, அதற்கு என்ன வழி? அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மக்கள் பழக்கம் ஒன்றை மாற்றுகிறோம், அதற்கு இவ்வளவு செலவாகும், அந்தச் செலவை இப்படிச் சுமக்கலாம் என்று அவையில் வெளிப்படையாக வைப்பதுதான் என்னைப் பொறுத்தவரை நேர்மையான சட்டமியற்றல்.

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது, 1971-ல் தளர்த்தப்பட்டது, பிறகு மாறி மாறி வந்து போனது. ஆனால் அந்த 1937 சட்டம் ரத்தாகவே இல்லை! 2003 முதல் அரசே நடத்தும் டாஸ்மாக் சில்லறைக் கடைகளுக்கான விதிகளும் அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவைதான். கடையை மூடவும் அதே சட்டம், திறக்கவும் அதே சட்டம் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? விதிகளில். சட்டத்தை அவை நிறைவேற்றுகிறது, விதிகளை அரசு எழுதுகிறது, எழுதிய பிறகு அவையின் மேசையில் வைக்கிறது, அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்து எழுந்து கேள்வி கேட்கிற உறுப்பினர்தான் நமக்கு வேண்டும். அதனால் சட்டம் தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன், அதன் மேலிருந்த கண்காணிப்பு தளர்ந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

பெண்ணுக்குத் திருமண வயது 21 ஆகிவிட்டதா, 18 தானா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, கரூர்

18 தான். 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, மசோதாக்களை அலசிப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவுக்குப் போனது. 2024-ல் அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி. மக்களவையில் நிலுவையில் இருப்பவை அவை கலைந்தால் அதோடு போய்விடும், வேண்டுமென்றால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

டிவியில் பார்த்தால் கத்துகிறார்கள், காகிதத்தைக் கிழிக்கிறார்கள், வெளியே போகிறார்கள். நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி? நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன்.
– வாசகி, திருப்பூர்

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. உங்கள் வேலையிடத்தோடு சம்பந்தப்பட்ட சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் விசாகா வழக்கில் நெறிமுறைகள் வகுத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 2013-ல், நடுவே 16 வருடம்! இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. 2010-ல் அறிமுகமான மசோதாவில் வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சேர்க்கவே இல்லை. அது நிலைக்குழுவுக்குப் போனது, அவர்களையும் சேர்க்கச் சொல்லிக் குழு எழுதியது, சேர்த்தார்கள். அப்புறம் 2012 செப்டம்பரில் மக்களவையில் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நீங்கள் டிவியில் பார்ப்பது இந்தக் கடைசிக் காட்சியைத்தான். அதற்கு முன்பே கேமரா இல்லாத ஒரு அறையில் பல கட்சிக்காரர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்ததால்தான் பாத்திரம் தேய்க்கும் ஒரு அக்காவுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

என் கவலை அந்த அறையைப் பற்றித்தான். 2009–14 மக்களவைக் காலத்தில் பத்து மசோதாவில் ஏழு குழுவுக்குப் போயின. 2019–24-ல் ஆறில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. கூச்சலைவிட இது எனக்குப் பெரிய கேடாகப் படுகிறது.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களை 2005 டிசம்பரில் இரு அவைகளுமே வெளியேற்றின. தங்கள் ஆட்களைத் தாங்களே தண்டித்த அந்த நாளை நான் மதிக்கிறேன், அந்தக் கறார் எப்போதும் இருக்க வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார் வாங்க உள் குழு கட்டாயம். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன யூனிட் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

இதிலெல்லாம் நாம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமாங்க?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

முடியும். நிலைக்குழுக்கள் மசோதா மீது கருத்துக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கும், நாடாளுமன்ற இணையதளத்திலும் போடும். அவகாசம் குறைவு, பார்த்த அன்றே எழுதுங்கள். பொதுவாகத் திட்டி எழுதாமல், இந்தப் பிரிவு எங்க ஊரில் இப்படிப் பாதிக்கும், இந்த வரியை இப்படி மாற்றுங்கள் என்று எழுதினால்தான் பயன். உங்கள் எம்.பி.யிடம் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் மசோதா, கொண்டுவரவும் கேட்கலாம். அப்படி வருபவை நிறைவேறுவது அபூர்வம், 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை, ஆனாலும் வீண் இல்லை. திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரலில் நிறைவேற்றியது, அதற்குப் பிறகுதான் அரசே ஒரு மசோதாவோடு வந்தது.

கடிதம் எழுதுமுன் ஒன்றைக் கவனியுங்கள். கோபி ஈரோடு மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைத் தொகுதி திருப்பூர். பவானி, அந்தியூர், பெருந்துறைக்காரர்களுக்கும் அப்படித்தான், கடிதம் திருப்பூர் எம்.பி.க்குப் போகட்டும்.